கூட்டாளி – ஒரு சொல்லின் கதை

நட்பைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. நண்பர், தோழி, சிநேகிதி என்பன ஏட்டிலும் மேடையிலும் வழங்குபவை. ‘கூட்டாளி’ என்பதோ வீட்டு வாசலிலும் கடற்கரையிலும் வழங்குவது. இதனைக் கொச்சை என்று ஒதுக்குவோர் உளர். ‘திருடனின் கூட்டாளி கைது’ என்று செய்தித்தாளில் படிப்பதால், இது தீயவர்க்கே உரிய பெயர் என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் சரிதானா என்று ஆராய்வோம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கூட்டு + ஆளி என வரும். ‘கூடு’ என்னும் வினையிலிருந்து பிறந்தது கூட்டு. கூட்டுறவு, கூட்டுக்குடும்பம் ஆகியவற்றிலும், பருப்பும் காயும் சேர்ந்து வெந்த நம் வீட்டுக் கூட்டிலும் இருப்பது இதுவே. ‘ஆளி’ என்பது உடையவர் என்னும் பொருள் தரும் விகுதி. தொழிலாளி, அறிவாளி, பங்காளி ஆகிய சொற்களில் அதனைக் காணலாம். எனவே கூட்டாளி என்றால் நம்மோடு கூடியவர் என்பதே பொருள். இதில் கொச்சை எங்கே இருக்கிறது? மேலும், தோழன், தோழி என்பதுபோல் இச்சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வடிவம் மாறுவதில்லை. இருவருக்கும் பொதுவாய் நிற்கிறது.

இப்பொருளைக் கண்ணால் காண வேண்டுமானால் பழவேற்காடு ஏரிப் பக்கம் செல்ல வேண்டும். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அவ்வூர்ப் பெயரிலேயே ஆங்கிலமும் தமிழும் கூட்டுச் சேர்ந்துள்ளன! அப்பகுதி மீனவரிடையே ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன் நிறையக் கிடைக்கும் இடமும் உண்டு, குறைவாகக் கிடைக்கும் இடமும் உண்டு. வலிமையுள்ளவர் நல்ல இடத்தைத் தமக்கே வைத்துக்கொள்ளாதபடி, முறை வைத்து மாறி மாறி வலையிடுகிறார்கள். படகில் சேர்ந்து போனவர்கள் பிடித்த மீனின் வருவாயைப் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள். வலையை ஒருவர் தனியே இழுக்க முடியாது. காற்று மாறினால் ஒருவர் உயிர் மற்றவர் கையில். அங்கே கூட்டாளி என்பவர் பொழுதுபோக்குக்குச் சேர்ந்தவர் அல்லர்; பாட்டையும் பலனையும் பகிர்ந்துகொள்பவர்.

கலிலேயக் கடலிலும் இதே நிலைதான். லூக்கா நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில், வலை கிழியும் அளவுக்கு மீன் அகப்பட்டபோது, பேதுருவும் உடனிருந்தோரும் மற்றப் படகில் இருந்தவர்களைத் துணைக்கு அழைத்தனர். அவர்களைத் தமிழ் விவிலியம் ‘கூட்டாளிகள்’ என்றே குறிக்கிறது.

பழவேற்காட்டுக்குப் போர்த்துக்கீசியர் வந்தனர். டச்சுக்காரர் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டத் தொடங்கினர். போர்த்துக்கீசிய மொழி நமக்குச் சாவி, மேசை, அலமாரி ஆகிய சொற்களைத் தந்தது. டச்சு மொழி ‘துட்டு’ தந்தது. பாரசீகத்திலிருந்து உருது வழியாக ‘தோஸ்து’ம் வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் இடையே கூட்டாளி தன் இடத்தை இழக்கவில்லை. இலங்கையிலும் மலேசியாவிலும் தமிழர் நண்பரை இன்றும் அப்படி அழைக்கின்றனர். மலையாளத்தில் கூட்டுகாரன், கூட்டுகாரி என்பர். நம் தென்மாவட்டங்களில் சேக்காளி என்பர். அதற்கு வேர் ‘சேர்’.

நண்பரை ‘மச்சான்’ என அழைக்கும் வழக்கமும் உண்டு. அது உறவுமுறைப் பெயர்; சிங்களவரின் ‘மச்சாங்’ அதிலிருந்து பிறந்ததே. பங்காளி பிறப்பால் அமைபவர். மச்சான் மண உறவால் அமைபவர். கூட்டாளியோ நாமே மனம் ஒப்பிச் சேர்த்துக்கொள்பவர்.

பிற நாட்டாரும் இவ்வாறே சிந்தித்துள்ளனர். ஆங்கிலத்தில் ‘கம்பானியன்’ என்பதற்கு இலத்தீன் வேர்ப்படி, அப்பத்தைச் சேர்ந்து உண்பவர் என்று பொருள். ‘காம்ரேட்’ என்பது ஓர் அறையில் உடன் தங்குபவரைக் குறித்த ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. உணவு, உறைவிடம், உழைப்பு – இவற்றில் ஒன்றைப் பகிர்ந்தவரே நண்பர்.

அப்படியானால் திருடனின் கூட்டாளி? குற்றம் சொல்லில் இல்லை. எதற்காகக் கூடினார்கள் என்பதில்தான் இருக்கிறது. வள்ளுவரும் நட்பைப் பற்றி எழுதியபின் ‘தீ நட்பு’, ‘கூடா நட்பு’ என இரு அதிகாரங்கள் வைத்தார். அதற்காக நட்பு என்ற சொல்லை நாம் கைவிடவில்லையே!

ஆகவே, மாணவியரே, குப்பத்திலிருந்து வரும் தோழி ஒருத்தி ‘இவள் என் கூட்டாளி’ என்று சொன்னால் நகைக்க வேண்டாம். அவள் பழுதற்ற தமிழ் பேசுகிறாள். அச்சொல்லுக்குரிய சுமையில் பாதியை ஏற்றுக்கொள்ள நாம் ஆயத்தமா என்பதே நம்முன் உள்ள கேள்வி.