கெர்னலுக்கு எந்த இடம்? – சர்வரின் மெமரி மிரரிங்



"சர்வர் டவுன், நாளைக்கு வாங்க." இதைக் கேட்காத குடும்பம் நம்ம அலங்காநல்லூர் பக்கம் இருக்காது. போன வருஷம் ஒரு சான்றிதழுக்காக என் அப்பா இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு ஒரு கவுண்டர் முன்னால் நின்றார். "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, அது ஏன்டா அடிக்கடி படுத்துக்குது?" என்றார். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான். பதில் சொல்லத் தெரியவில்லை. காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

சர்வரில் போடும் இ.சி.சி. மெமரி, 64 பிட் தகவலுக்கு 8 பிட் சேர்த்து வைக்கும். அதில் ஒரு பிட் மாறினால் திருத்திவிடும். இரண்டு பிட் மாறினால் கண்டுபிடிக்கும், ஆனால் திருத்த முடியாது. திருத்த முடியாத இந்தப் பிழை எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். ஒரு சாதாரண புரோகிராமின் பக்கத்தில் விழுந்தால், லினக்ஸ் அந்தப் புரோகிராமை மட்டும் நிறுத்தி, அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிடும். கெர்னலின் சொந்தப் பக்கத்தில் விழுந்தால் பெரும்பாலும் மொத்த சர்வரும் நின்றுபோகும்.

பழைய வழி முழு மிரரிங். எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் எழுதுவது. ஆனால் 64 ஜி.பி. வாங்கினால் 32 தான் கைக்கு வரும். எங்கம்மா விதைநெல்லை மட்டும்தான் தனிக் குலுக்கையில் பத்திரப்படுத்துவார். சாப்பாட்டு நெல் சாக்கிலேயே கிடக்கும். அதே யோசனைதான் பகுதி மிரரிங். 2015-ல் வந்த யு.இ.எஃப்.ஐ. 2.5 விதிமுறைப்படி, எந்த மெமரிப் பகுதி அதிக நம்பகமானது என்று ஃபர்ம்வேர் குறித்துக் கொடுக்கலாம். 2016-ல் லினக்ஸ் 4.6-ல் 'கெர்னல்கோர்=மிரர்' என்ற பூட் கட்டளை சேர்ந்தது; ஃபுஜித்சு நிறுவனத்தார் எழுதியது. இதைக் கொடுத்தால் இடம் மாற்ற முடியாத கெர்னல் பக்கங்கள் மிரர் பகுதிக்குப் போகும். மிச்சம் 'மூவபிள்' ஸோன் ஆகி புரோகிராம்களுக்குப் போகும்.

எவ்வளவு ஒதுக்குவது என்பதை ஓடுகிற சர்வரில் மாற்ற முடியாது. ஏனென்றால் மெமரி கன்ட்ரோலரை அமைப்பது ஃபர்ம்வேர். கெர்னல் வருவது அதற்குப் பிறகு. எனவே 'இ.எஃப்.ஐ.பூட்எம்ஜிஆர்' மூலம் கோரிக்கை எழுதி வைத்து ரீபூட் செய்ய வேண்டும். 4 ஜி.பி.க்குக் கீழே முழுவதும், மேலே 10 சதவீதம் என்று கேட்டால், 64 ஜி.பி. சர்வரில் இரட்டிப்புக்குப் போவது சுமார் 10 ஜி.பி. கீழ்ப்பகுதியை விட்டுவிடக் கூடாது. அங்கேயும் கெர்னல்தான் உட்காரும்.

சதவீதத்தில் கஞ்சத்தனம் ஆபத்து. ஒவ்வொரு 4 கே.பி. பக்கத்துக்கும் 64 பைட் கணக்குக் குறிப்பு உண்டு. 64 ஜி.பி.க்கு அதுவே 1 ஜி.பி.! மிரர் பகுதி நிரம்பினால், மூவபிள் ஸோனில் இடம் காலியாகக் கிடந்தாலும் கெர்னலுக்கு உதவாது.

நம் லேப் கம்ப்யூட்டர்களில் மிரரிங் வசதி கிடையாது. ஆனால் பாதிப் பாடத்தைச் செய்து பார்க்கலாம். பக்கத்து வீட்டு அக்காவின் அரசு லேப்டாப்பில் இருந்த பாஸ் லினக்ஸில் நான் முயன்றேன். க்ரப் திரையில் ஆங்கில 'இ' விசையை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் 'கெர்னல்கோர்=512எம்' சேர்த்து பூட் செய்யுங்கள். பிறகு 'ப்ராக்' டைரக்டரியில் 'ஸோன்இன்ஃபோ' ஃபைலைத் திறந்தால் மூவபிள் ஸோன் எத்தனை பக்கம் என்று தெரியும். ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும், பயம் வேண்டாம்.