முற்றத்துத் துளசி

1896-ஆம் ஆண்டு மலாக்கா மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பவர் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. அங்கே குடியேறிய தமிழர்கள் லயத்து வீடுகளில் வாழ்ந்தனர். வீடு சிறிதாயினும் வாசலில் கொஞ்சம் மண் இருந்தது. அந்த மண்ணில் கறிவேப்பிலையும் கற்பூரவள்ளியும் துளசியும் வளர்ந்தன. இவற்றுள் துளசிக்கு மட்டும் தனி மரியாதை. அது பூசைக்கும் மருந்துக்கும் உரிய செடி.

துளசியில் இருவகை பரவலாகக் காணப்படும். பச்சை இலை உடையது வெண்துளசி; கருஞ்சிவப்புத் தண்டும் இலையும் உடையது கருந்துளசி. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இலையைக் கசக்கினால் எழும் காரமான மணத்திற்கு அதிலுள்ள யூஜினால் என்னும் எண்ணெய்ப் பொருள் முக்கியக் காரணம். கிராம்பின் மணத்திற்கும் அதுவே காரணம்.

துளசியைச் சுற்றிக் கதைகளும் நம்பிக்கைகளும் பல உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தது துளசிச் செடியின் அடியில் என்பர். கண்ணனைத் தராசில் நிறுத்தியபோது பொன்னெல்லாம் வைத்தும் தட்டு இறங்கவில்லை. உருக்குமணி வைத்த ஒரு துளசி இலைக்கே இறங்கியது என்பது இன்னொரு கதை. வாசலில் துளசி இருந்தால் கண்ணேறு அண்டாது, கிரகண நாளில் உணவில் துளசி இலையைப் போட்டு வைத்தால் தீங்கு சேராது எனப் பெரியோர் நம்பினர். கிள்ளும் முன் செடியைக் கும்பிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் கிள்ளக் கூடாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தனர். இத்தகைய மதிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டு ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களில், துளசியின் உறவுச் செடி ஒன்றின் கொத்தால் புனித நீர் தெளிப்பது வழக்கம்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்குச் செல்வோரைப் பனியும் மழையும் வாட்டின. சளி பிடித்தால் துளசி, மிளகு, சுக்கு ஆகியவற்றைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, கருப்பட்டியோ குலா மலாக்காவோ சேர்த்துக் கசாயமாகக் குடித்தனர். பிள்ளைகளின் இருமலுக்கு இலைச்சாற்றுடன் தேன் கலந்து கொடுத்தனர். இந்தக் கைமருந்து தொண்டைக்கு இதமளிக்கும். ஆயினும் அதற்கும் எல்லை உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அது உயிருக்கு ஆபத்தான நச்சு நோயை உண்டாக்கக்கூடும். டெங்கிக் காய்ச்சலைத் துளசிக் கசாயம் தீர்க்காது. காய்ச்சல் விடாமல் அடித்தாலும் மூச்சு வாங்கினாலும் உடனே கிளினிக்கிற்குச் செல்வதே அறிவுடைமை. பாட்டி வைத்தியத்தின் அருமையை அறிந்தவர் அதன் அளவையும் அறிந்திருக்க வேண்டும்.

சமையலில் தமிழர் துளசியை அதிகம் பயன்படுத்துவதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில்களில் வழங்கும் தீர்த்தத்தில்தான் அதன் சுவையை அறிவர். ஆனால், தாய்லாந்து மக்கள் இதே செடியின் இலையை மிளகாய், பூண்டுடன் இறைச்சியில் சேர்த்து வதக்குகின்றனர். நம் நாட்டுக் கடைகளில் ‘கப்ராவ்’ எனக் கேட்டு வாங்குவது அதைத்தான். துளசியின் மற்றோர் உறவான திருநீற்றுப்பச்சிலையை மலாய்க்காரர் ‘செலாசே’ என்பர். தண்ணீரில் ஊறி வழுவழுப்பாகும் அதன் விதையைச் சிரப்புப் பானத்தில் மிதக்க விடுவர். மலாய்ப் பந்துன்களில் ‘செலாசே’ என்ற சொல், அன்பைக் குறிக்கும் ‘காசே’ என்ற சொல்லோடு ஓசையால் இணைந்து வரும். ஒரு செடி ஓரினத்தாருக்குத் தெய்வம்; மற்றோர் இனத்தாருக்கு உணவு; இன்னோர் இனத்தாருக்குப் பாட்டு!

காலம் மாறியது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். அங்கே முற்றத்து மண் இல்லை. ஆயினும் துளசிக்கு ஒரு பழைய பால் டின் போதும். அடியில் துளையிட்டு, மண் நிரப்பி, காய்ந்த கதிரை உதிர்த்துத் தூவினால் சில நாள்களில் முளைத்துவிடும். பூங்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டால் இலை தழைக்கும்.

செடியை இவ்வாறு எளிதில் மீட்டுவிடலாம். எந்த இலையை, எவ்வளவு, எப்போது, யாருக்குக் கொடுக்கலாம் என்ற அறிவோ மூத்தோரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. கேட்பார் இல்லையெனில் அது அவர்களோடு மறைந்துவிடும். அதைக் கேட்டு எழுதி வைப்பதும், அறிவியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இளையோரின் கடமையாகும்.

அருஞ்சொற்பொருள்

கண்ணேறு – கண்பட்டதால் வரும் தீங்கு
பெரட்டு – தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் கூட்டம்
லயம் – தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு

கருத்துணர் கேள்விகள்

1. துளசி இலையின் மணத்திற்கான முக்கியக் காரணம் யாது?
2. கைமருந்துக்கும் எல்லை உண்டு என்பதை விளக்கும் இரண்டு செய்திகளை எழுதுக.
3. ‘செடியை எளிதில் மீட்டுவிடலாம், அறிவை மீட்பது அரிது.’ இக்கருத்தை உன் குடும்பத்து மூத்தோர் ஒருவரிடம் கேட்டறிந்த செய்தியைக் கொண்டு விளக்குக.