குட்டான் கூலி

லனார்க், ஒன்ராறியோ
தை 18, 2025

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ போனில் கதைத்த இரவு எனக்கு வடிவாய் நித்திரை வரவில்லை. ஒட்டாவாவில் இரண்டு காலையுணவுக் கடை நடத்துகிறவர் உன்னிடம் 200 லீற்றர் மேப்பிள் பாணி கேட்கிறார். "மொத்த விலை சொல்லுங்கோ" என்றிருக்கிறார். லீற்றருக்கு 12 டொலர் என்று சொல்லப்போகிறேன், பீப்பாய் விலையை விட அது கூடத்தானே பெரியப்பா என்றாய். நான் "பொறு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். போனில் சொல்லும் கணக்கு மனதில் நிற்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

பீப்பாய் விலை என்று நீ கேள்விப்படுவது இறாத்தலுக்கு 3 டொலருக்கு அக்கம்பக்கம் நிற்கிற விலை. ஒரு லீற்றர் பாணி 1.32 கிலோ, ஏறத்தாழ 2.9 இறாத்தல். ஆக, லீற்றருக்கு ஏறத்தாழ 9 டொலர்தான். அந்த விலை எங்கே பிறக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டும். கனடாவின் பாணியில் பத்தில் ஒன்பது பங்கு கியூபெக்கில் காய்ச்சுகிறார்கள். அங்கே 5 லீற்றரும் அதற்கு மேலும் கொள்ளும் கலத்தில் விற்பதென்றால் உற்பத்தியாளர் சங்கத்தின் வழியாகத்தான் விற்கலாம். ஆளாளுக்குப் பங்கு ஒதுக்கியிருக்கிறது, நிறத்துக்கு ஏற்ற விலையைச் சங்கம் வாங்குவோரோடு பேசித் தீர்க்கிறது. மிஞ்சுகிற பாணியைச் சேமிப்புக் கிடங்கில் வைக்கிறார்கள். 2021இல் விளைச்சல் விழுந்தபோது அந்தக் கிடங்கிலிருந்து 5 கோடி இறாத்தலை இறக்கினார்கள். 2022இல் 21.1 கோடி இறாத்தல், 2023இல் 12.4 கோடி, 2024இல் 23.9 கோடி என்று விளைச்சல் இப்படி ஏறி இறங்கினாலும் பீப்பாய் விலை பெரிதாய்த் துள்ளாததற்குக் காரணம் அந்தக் கிடங்குதான்.

அங்கே காய்ச்சுகிறவர்களில் பலர் மரங்களில் ஆயிரக்கணக்கில் துளை போடுகிறவர்கள். வெற்றிடக் குழாயில் சாறு தானாய் வந்து சேரும். காய்ச்சுமுன்னே சவ்வு வடிகட்டி தண்ணீரில் பெரும்பங்கைப் பிரித்துவிடும். அவர்களுக்கு அந்த விலை கட்டும். உனக்கு 400 துளை, விறகு அடுப்பு, கையால் சுமக்கிற வாளி. அவர்கள் விலையை எடுத்து உன் விலைக்கு அடிப்படையாக வைத்ததுதான் நீ விட்ட பிழை.

உன் அப்பாவுக்கு நினைவிருக்கும், எங்கள் ஆச்சி கருப்பநீர் காய்ச்சிப் பனங்கட்டி போட்டவ. விடிய முன்னம் தாச்சி ஏறும். பாணி இறுகும் பதத்தில் ஓலைக் குட்டானில் வார்த்து ஆறவிடுவா. சுன்னாகம் சந்தைக் கடைக்காரர் ஒருவர் ஒருநாள் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து, முழுவதையும் மொத்தமாய்த் தான் எடுக்கிறேன் என்று பாதி விலை கேட்டார். ஆச்சி ஆறுதலாய்ச் சொன்னா: "குட்டான் வேண்டாமெண்டால் குட்டான் இழைக்கிற கூலியைக் கழிக்கிறன். சந்தைக்கு நான் வரத் தேவையில்லையெண்டால் அந்த நாள் கூலியையும் கழிக்கிறன். காய்ச்சின கூலியில கை வைக்காதேங்கோ." எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மொத்த விலை பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க அன்று அந்தத் திண்ணையில் கேட்டதுதான். ரொறன்ரோ உணவகங்களில் இருபது வருடம் வேலை செய்தும், இங்கே காடு வாங்கிக் காய்ச்சத் தொடங்கியும் அதற்குமேல் ஒன்றும் படிக்கவில்லை.

இனி உன் கணக்கு. நீ சொன்ன எண்களை வைத்தே போடுகிறேன். 400 துளை, துளைக்கு ஒரு லீற்றர் பாணி, நல்ல வருடத்தில் 400 லீற்றர். துளைக்குழல், வாளி பழுது, வடிகட்டித் துணி, விறகு வெட்டும் எரிபொருள் எல்லாம் சேர்த்து வருடம் 1,200 டொலர். அடுப்பும் காய்ச்சும் தட்டும் தாங்கியும் 15,000க்கு வாங்கினாய், பதினைந்து வருடம் உழைக்கும் என்று வை, வருடத்துக்கு 1,000. நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து 250 மணித்தியாலம் என்றாய், மணிக்கு 20 டொலர் வைத்தால் 5,000. மொத்தம் 7,200. ஒரு லீற்றர் பாணி போத்தலில் ஏறுமுன்னமே உனக்கு 18 டொலர்.

அந்த 250 மணித்தியாலத்தை நீ குறைத்துச் சொல்லியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். பங்குனி நடு இரவில் சாறு ஓடத் தொடங்கினால் தட்டு காயக்கூடாதென்று நிற்கிற நேரம், அடுத்தநாள் தட்டு கழுவுகிற நேரம், மார்கழியில் விறகு பிளக்கிற நேரம் இவையெல்லாம் அதில் வந்ததா? சாற்றில் இனிப்பு 2 வீதமென்றால் ஒரு லீற்றர் பாணிக்கு 43 லீற்றர் சாறு வேண்டும். 86ஐ இனிப்பு வீதத்தால் பிரி என்பது இங்கே பழைய கணக்கு. உன் மரங்கள் 1.7 கொடுத்தால் ஏறத்தாழ 51 லீற்றர். அந்தக் கூடுதல் 8 லீற்றரையும் ஆவியாக்குவது உன் விறகும் உன் நித்திரையும்தான்.

சனிக்கிழமைச் சந்தையில் நீ லீற்றர் 28க்கு விற்கிறாய். மொத்தமாய் 20 லீற்றர் வாளியில் கொடுத்தால் எது மிச்சம்? போத்தல், மூடி, ஒட்டுத்தாள் எல்லாம் மூன்று டொலர். சந்தை வாடகை, பெற்றோல், அங்கே நிற்கிற நேரம் லீற்றருக்கு நான்கு டொலர் வரும். இந்த ஏழு டொலரைக் கழி. 21. அதுதான் உன் மொத்த விலை. வாளிக் காசும் கொண்டுபோய்க் கொடுக்கிற செலவும் அதற்குள்ளேதான் போகவேண்டும் என்பதால் இதற்குக் கீழே ஒரு சதமும் இறங்காதே. 12க்குக் கொடுத்தால் 200 லீற்றரில் 1,200 டொலர் நட்டம், அதாவது 60 மணித்தியாலம் கூலியில்லாமல் அவருக்காகக் காய்ச்சியிருப்பாய்.

21 கேட்டால் போய்விடுவாரே என்று பயப்படுவாய். நான் சமையலறையில் சாமான் எடுத்தவன், அந்தப் பக்கத்துக் கணக்கும் தெரியும். ஒரு தட்டு பான்கேக்குக்கு 60 மில்லிலீற்றர் பாணி வைப்பார்கள். 21 டொலர் என்றால் தட்டுக்கு 1.26. 18 என்றால் 1.08. நீ மூன்று டொலர் இறங்கி உன் இலாபம் முழுவதையும் கொடுத்தாலும் அவருக்குத் தட்டுக்கு 18 சதம்தான் மிச்சம். அந்தத் தட்டை அவர் 18 டொலருக்கு விற்கிறார். அவருடைய உண்மையான கவலை வேறு: ஒரு ஞாயிறு காலையில் பாணி முடிந்துவிடக்கூடாது, போன மாதத்து நிறமும் சுவையும் இந்த மாதமும் இருக்கவேண்டும், மேசையில் "இது இன்ன காட்டுப் பாணி" என்று சொல்லக்கூடியதாய் இருக்கவேண்டும். இந்த மூன்றையும் உன்னால் கொடுக்கமுடியும் என்று முதலில் காட்டு. விலையைப் பிறகு சொல்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பொன்னிறம், அம்பர், கருமை, கடுங்கருமை என்று தரம் பிரிப்பது ஒளி எவ்வளவு ஊடுருவுகிறது என்பதை வைத்து. பொன்னிறத்துக்கு 75 வீதமும் மேலும், கடுங்கருமைக்கு 25க்குக் கீழ். பேக்கரிக்காரர் ஒருவர் வந்து கருமையைக் காட்டி "இது கீழ்த்தரம்தானே" என்று விலை குறைக்கச் சொன்னால் தலையாட்டிவிடாதே. மாவிலும் வெண்ணெயிலும் பொன்னிறப் பாணியின் சுவை காணாமல் போய்விடும், கருமையில் கொஞ்சம் விட்டாலே தெரியும். அவருக்கு வேண்டிய சாமானே அதுதான். ஆனால் மரம் மொட்டு விட்ட பிறகு எடுத்த சாற்றில் மொட்டு வாடை வந்திருந்தால் அதை ஒருவருக்கும் வாளியில் ஊற்றிக் கொடுக்காதே. அதைப் பதனிடும் தரத்தில் பீப்பாய்க்காரரிடம் என்ன விலைக்குப் போகுதோ அந்த விலைக்குத் தள்ளிவிடு.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. காய்ச்சத் தொடங்கிய மூன்றாம் வருடம் ஒரு விடுதிக்கு வருடம் 300 லீற்றர் தருகிறேன் என்று கையெழுத்து வைத்தேன். முந்திய இரண்டு வருடமும் 500 லீற்றர் வந்ததால் துணிந்தேன். அந்தப் பங்குனியில் வெயில் கெதியாய் வந்துவிட்டது. இரவில் உறையவில்லை, சாறு பத்து நாளில் நின்றுபோனது. எனக்குக் கிடைத்தது 190. சொன்ன சொல்லைக் காப்பாற்ற அயலவரிடம் நான் விற்கிற விலையை விடக் கூடக் கொடுத்து 110 லீற்றர் வாங்கினேன். சந்தையில் இரண்டு வருடமாய் வந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்த வருடம் ஒரு போத்தல்கூடக் கொடுக்கமுடியவில்லை. அவர்களில் சிலர் திரும்பி வரவேயில்லை, அது இன்னும் மனதுக்குள் கிடக்கிறது. ஆகவே 200 லீற்றருக்கு ஒப்புக்கொள்ளாதே. உன்னுடைய மோசமான வருடத்தில் வந்ததில் பாதியைச் சொல். நீ சொன்ன கணக்குப்படி மோசமான வருடம் 240 என்றால் 120 லீற்றர். காய்ச்சி முடிந்து சித்திரைக் கடைசியில் மிச்சமிருந்தால் கூடக் கேட்கிற உரிமை அவருக்கு முதலில் என்று எழுதிக்கொடு. விலையை ஒரு வருடத்துக்கு மட்டும் நிறுத்து. மூன்று வருடம் ஒரே விலை கேட்டால் மாட்டேன் என்று மரியாதையாய்ச் சொல்லலாம்.

முதல் இரண்டு வாளிக்குக் காசு கையில் வாங்கு. அதற்குப் பிறகு 30 நாள் தவணை கொடுக்கலாம், 60 நாள் வேண்டாம்.

லீற்றரில் விலை சொல்லி நிறையில் நிறு. சுடச்சுட நிரப்பிய வாளி ஆறியதும் மட்டம் இறங்கும், குறைந்துவிட்டது என்று சண்டை வரும். 20 லீற்றர் 26.4 கிலோ என்று சீட்டில் எழுது. ஹைட்ரோமீட்டரையும் ஒவ்வொரு வார்ப்புக்கும் பார். 66 பிரிக்ஸ் வேண்டிய இடத்தில் நீ 68இல் இறக்கினால் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் சும்மா கொடுக்கிறாய், 400 லீற்றரில் அது 12 லீற்றரைத் தாண்டும். 66க்குக் கீழே போனால் பாணியே அல்ல, புளித்துவிடும். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு சின்னப் போத்தல் எடுத்துத் தேதி எழுதி வை, பின்னால் முறைப்பாடு வந்தால் எடுத்துக் காட்டலாம்.

அவருடைய மூன்றாவது கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கற்றினோவில் வரப்போகிறது என்றாய். அது கியூபெக். மாகாண எல்லை தாண்டிப் பாணி விற்க மத்திய உணவு உரிமம் வேண்டும், உன்னிடம் அது இல்லை. ஒட்டாவாக் கடைகளுக்கு மட்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிடு. அவர் தானே அங்கே கொண்டுபோகிறேன் என்றாலும் விடாதே.

அவருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை என்றால் இந்தக் கிழமை அனுப்பவேண்டாம். முதலில் போன வருடத்து மணித்தியாலக் கணக்கை மாப்பிள்ளையோடு இருந்து இன்னொரு தடவை எழுது, ஒரு நாளையும் விடாமல். 250 அல்ல, 300 என்று வந்தால் 18 என்பது 20.50 ஆகிவிடும். அப்போது 21 போதாது, சந்தை விலையையே நாங்கள் மாற்றவேண்டிவரும். எழுதியதைப் படம் எடுத்து அனுப்பு. மாசி முதற்கிழமை துளை போட வருகிறேன், துளைக்கருவியை நான் கொண்டுவருவேன். பெரியம்மா உனக்கென்று பருத்தித்துறை வடை சுட்டு வைத்திருக்கிறா.

அன்புடன்,
பெரியப்பா