வானிலிருந்து விழுந்தது யார் வீட்டுப் பொருள்?

கேள்வி: வானத்திலிருந்து விழும் உலோகத் துண்டு விண்வெளிக் குப்பைதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்: கிட்டத்தட்ட துப்பறியும் வேலைதான். 2024 மார்ச்சில், அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு வீட்டின் கூரையைப் பொத்துக்கொண்டு உலோக உருளை ஒன்று விழுந்தது. எடை சுமார் 700 கிராம், உயரம் 10 செ.மீ. முதல் துப்பு, நேரம். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 2021-ல் கழற்றிவிட்ட பழைய பேட்டரிச் சுமை வளிமண்டலத்துக்குள் நுழைந்ததும் அதே நாளில்தான். அடுத்து, நாசா அந்தத் துண்டை வாங்கி அளவு, அமைப்பு, உலோகம் மூன்றையும் ஒப்பிட்டது. பேட்டரிகளைப் பொருத்தப் பயன்பட்ட தாங்கியின் பாகமேதான்! இன்கோனல் என்ற, கடும் வெப்பம் தாங்கும் கலப்பு உலோகத்தால் செய்தது. இப்படி ஏதாவது உங்கள் தோட்டத்தில் விழுந்தால் தொடாதீர்கள். நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம். போலீசுக்குச் சொல்லுங்கள்.