லினக்ஸ் லேப்டாப் வச்சிருக்கீங்களா? ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுடுங்க



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோட விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் முடிஞ்சது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசு வராம, அதுல உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டு ஓட்டுறவங்கள்ல நீங்களும் ஒருத்தரா இருக்கலாம். நல்ல முடிவு. புது லேப்டாப்புக்குப் போக வேண்டிய பணம் உங்க அக்கவுண்ட்லயே இருக்கு.

அடுத்த கட்டம் என்ன? ஆபீஸ் முடிஞ்சு வந்து வாய்ஸ் ஓவர் பண்ணலாம், பாட்காஸ்ட் ஆரம்பிக்கலாம், ஆன்லைன்ல கிட்டார் கிளாஸ் எடுக்கலாம்னு ஒரு யோசனை வரும். அதுக்கு மைக், கூடவே ஆடியோ இன்டர்ஃபேஸ்னு ஒரு சின்னப் பெட்டி. கடையில கேட்டா, "லினக்ஸா? தெரியலையே சார்"ன்னுதான் பதில் வரும். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தா விண்டோஸ், மேக் ரெண்டு பேர் மட்டும்தான் இருக்கும்.

இங்கதான் ரெண்டு விதமா காசு வீணாகுது. சிலர் அவசரப்பட்டு ஏதோ ஒரு பெட்டியை வாங்கி, அது வேலை செய்யாம அலமாரியில வச்சிடுறாங்க. சிலர், "லினக்ஸ்ல எதுவும் ஓடாது போல"ன்னு முடிவு பண்ணி, 50,000 ரூபாய்க்குப் புது லேப்டாப் வாங்கிடுறாங்க. இந்த ரெண்டு செலவும் தேவையில்லாதது. ஒரே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா போதும்.

முதல் கேள்வி: இந்தப் பெட்டி உங்களுக்கு வேணுமா?

ஆபீஸ் மீட்டிங், ஆன்லைன் டியூஷன், தனியா உட்கார்ந்து பேசுற யூடியூப் வீடியோ, இவ்வளவுதான் உங்க வேலைன்னா ஒரு யு.எஸ்.பி. மைக் போதும். இன்டர்ஃபேஸ் வேலை அந்த மைக்குக்குள்ளேயே முடிஞ்சிடும்.

கீழே இருக்குற மூணுல ஒண்ணாவது உங்களுக்குப் பொருந்தினா மட்டும் இன்டர்ஃபேஸ் பக்கம் வாங்க:

1. எக்ஸ்.எல்.ஆர். கேபிள் போடுற ஸ்டூடியோ மைக் வச்சிருக்கீங்க. அதிலும் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் மின்சாரம் வேணும். அதை இன்டர்ஃபேஸ்தான் கொடுக்கும்.
2. எலக்ட்ரிக் கிட்டார், பிக்கப் வச்ச வீணை, கீபோர்டு மாதிரி வாத்தியத்தை நேரா செருகிப் பதிவு பண்ணணும்.
3. ரெண்டு பேர் ஒரே நேரத்துல, தனித்தனி மைக்ல பேசணும்.

சரி, வேணும். ஆனா எத்தனை தடவை பயன்படுத்துவீங்க? 12,000 ரூபாய் பெட்டின்னு வச்சுக்குவோம். வாரத்துக்கு 2 பதிவு, 3 வருஷம்னா 312 பதிவு. ஒரு பதிவுக்கு 38 ரூபாய்தான் ஆகுது. அதே பெட்டியில வருஷத்துக்கு 4 பதிவுதான் பண்ணுவீங்கன்னா, 3 வருஷத்துல 12 பதிவு. ஒரு பதிவுக்கு 1,000 ரூபாய்! அதுக்குப் பக்கத்து ஊர் ஸ்டூடியோவுல மணிக்கணக்குல வாடகைக்கு எடுத்துக்கிறது லாபமா இருக்கலாம். வாடகை எவ்வளவுன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

இரண்டாவது கேள்வி: லினக்ஸ்ல ஓடுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நீங்க தேட வேண்டிய வார்த்தை "கிளாஸ் கம்ப்ளையன்ட்". இது என்னன்னு யு.பி.ஐ.யை வச்சுப் புரிஞ்சுக்கலாம்.

டீக்கடையில ஒட்டியிருக்கிற யு.பி.ஐ. கியூஆர் கோடை நீங்க எந்த ஆப்ல ஸ்கேன் பண்ணினாலும் பணம் போகுது. ஏன்னா, எல்லாரும் ஒரே விதிமுறைப்படி நடக்குறாங்க. ஆனா ஒரு மால்ல மட்டும் செல்லுபடியாகிற கார்டுல 2,000 ரூபாய் ஏத்தினா, அது அந்த மால் இருக்கிற வரைக்கும்தான்.

ஆடியோ இன்டர்ஃபேஸ்லயும் அதே கதைதான். "யு.எஸ்.பி. ஆடியோ கிளாஸ்"னு ஒரு பொது விதிமுறை இருக்கு. அதன்படி செஞ்ச பெட்டிக்குத் தனி டிரைவர் வேண்டாம். லினக்ஸ் கெர்னலுக்குள்ள இருக்கிற ஆல்சா அமைப்புல இதுக்கான பொது டிரைவர் ஏற்கெனவே இருக்கு. செருகினா சத்தம் வரும்.

அந்த விதிமுறைப்படி செய்யாத பெட்டிக்கு, கம்பெனி எழுதித் தர்ற டிரைவர் வேணும். கம்பெனி லினக்ஸுக்கு எழுதலைன்னா அவ்வளவுதான். விண்டோஸ் வச்சிருக்கிறவங்களுக்கும் இதுல ஆபத்து இருக்கு. நாளைக்குக் கம்பெனி அந்த டிரைவரை அப்டேட் பண்றதை நிறுத்தினா, நல்லா இருக்கிற பெட்டியும் கூடவே ஓய்வு பெற்றுடும். கிளாஸ் கம்ப்ளையன்ட் பெட்டியோட ஆயுள் கம்பெனியோட மனசைப் பொறுத்தது இல்லை. அதனாலதான் இதை ஒரு பண விஷயமாவே சொல்றேன்.

கடையில நின்னுக்கிட்டே கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: "ஐபேட்ல ஓடும்"னு அட்டையிலயோ விவரப் பக்கத்துலயோ போட்டிருக்கான்னு பாருங்க. யு.எஸ்.பி.யில செருகுற பெட்டி எந்த டிரைவரும் ஏத்தாம ஐபேட்ல வேலை செய்யுதுன்னா, அது பொது விதிமுறையைப் பின்பற்றுதுன்னு அர்த்தம். லினக்ஸ்லயும் ஓட வாய்ப்பு மிக அதிகம். வாங்குறதுக்கு முன்னாடி மாடல் பேரோட "லினக்ஸ்" சேர்த்துத் தேடி, அதைப் பயன்படுத்துறவங்க என்ன சொல்றாங்கன்னும் பார்த்துடுங்க.

மாட்டிக்கக் கூடிய நாலு இடங்கள்

சத்தம் வரும், கன்ட்ரோல் வராது. சில பெட்டிகள்ல முக்கியமான செட்டிங் எல்லாம் கம்ப்யூட்டர்ல ஓடுற கம்பெனி புரோகிராம்ல இருக்கும். அந்தப் புரோகிராம் லினக்ஸுக்குக் கிடையாது. அதனால வால்யூம், கெயின், 48 வோல்ட், டைரக்ட் மானிட்டர் எல்லாத்துக்கும் பெட்டி மேலேயே திருகியோ பட்டனோ இருக்கான்னு பாருங்க. கையால திருகுறதுக்கு எந்த டிரைவரும் வேண்டாம்.

தண்டர்போல்ட் பெட்டிகள். யுனிவர்சல் ஆடியோ கம்பெனியோட அப்பல்லோ வரிசை விலை உயர்ந்தது, பேர் பெற்றது. ஆனா லினக்ஸுக்கு அவங்க டிரைவர் கொடுக்கலை. அதே கம்பெனியோட வோல்ட் வரிசை யு.எஸ்.பி. கிளாஸ் கம்ப்ளையன்ட். ஒரே பிராண்டுலயே ஒண்ணு ஓடும், ஒண்ணு ஓடாது. பிராண்ட் பேரை நம்பி வாங்காதீங்க, மாடலைப் பாருங்க.

பழைய ஃபயர்வயர் பெட்டிகள். செகண்ட் ஹேண்ட்ல ரொம்ப மலிவா கண்ணுல படும். இன்றைய லேப்டாப்ல அந்தப் போர்ட்டே இருக்காது. அடாப்டர் தேடி அலையுற செலவுல, யு.எஸ்.பி. பெட்டியே வாங்கிடலாம்.

இலவச சாஃப்ட்வேர் ஆசை. "பல ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள பிளக்இன் இலவசம்"னு போட்டிருப்பாங்க. அதுல பெரும்பாலானவை விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும்தான். உங்க கணக்குல அதோட மதிப்பு பூஜ்யம்னு வச்சுக்கிட்டு விலையை ஒப்பிடுங்க. லினக்ஸ்ல பதிவு பண்ண ஆடாசிட்டி இலவசம். கொஞ்சம் பெரிய வேலைக்கு ஆர்டர் இருக்கு. ரீப்பர் லினக்ஸுக்கே தனி வெர்ஷன் தர்றாங்க. 60 நாள் ஓட்டிப் பார்த்துட்டுப் பணம் கட்டலாம்.

எந்த மாடல்?

லினக்ஸ்ல பலரும் பயன்படுத்துற சில யு.எஸ்.பி. பெட்டிகள் இவை:

- பெஹ்ரிங்கர் யு.எம்.சி. 22: ஒரு மைக், ஒரு வாத்தியம். 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பதிவாகும். பேச்சுக்கு அது போதும்.
- பெஹ்ரிங்கர் யு.எம்.சி. 202 ஹெச்.டி.: ரெண்டு மைக் போடலாம், 24 பிட். பட்ஜெட்டுக்குள்ள ரெண்டு பேர் பாட்காஸ்ட் பண்ண நினைக்கிறவங்களுக்கு ஏத்தது.
- ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, 2ஐ2: ஜெஃப்ரி பென்னட் என்ற டெவலப்பர் இந்த வரிசைக்காக லினக்ஸ் கெர்னல்ல கன்ட்ரோல் டிரைவரும், அதை மவுஸால இயக்க ஆல்சா ஸ்கார்லெட் ஜி.யு.ஐ. என்ற புரோகிராமும் எழுதியிருக்கார். நாலாம் தலைமுறை சோலோ, 2ஐ2-க்குக் கெர்னல் 6.8 அல்லது அதுக்கு மேல இருக்கணும். உபுண்டு 24.04-ல 6.8 இருக்கு.
- மோட்டு எம் 2: விலை கொஞ்சம் கூடுதல். ஒலி அளவைக் காட்டுற சின்னத் திரை பெட்டியிலயே இருக்கு.

"192 கிலோஹெர்ட்ஸ்"னு பெரிய எழுத்துல போட்டிருந்தா மயங்காதீங்க. குரலுக்கும் வீடியோவுக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம். அந்த எண்ணுக்காகக் கூடுதலா கொடுக்கிற பணத்தை ஒரு நல்ல ஹெட்போன்ல போடலாம்.

மூன்றாவது கேள்வி: பணத்தை எப்படிக் கொடுக்கிறது?

ஆன்லைன்ல ஆர்டர் பண்ணும்போது "7 நாள் ரிட்டர்ன்"னு இருக்கா, "7 நாள் ரீப்ளேஸ்மென்ட்"னு இருக்கான்னு கண்ணைத் திறந்து பாருங்க. ரிட்டர்ன்னா பணம் திரும்ப வரும். ரீப்ளேஸ்மென்ட்னா அதே மாடல்ல இன்னொரு பெட்டி வரும். லினக்ஸ்ல ஓடாத பெட்டிக்குப் பதிலா லினக்ஸ்ல ஓடாத இன்னொரு பெட்டி வந்து என்ன பிரயோஜனம்? நம்மை மாதிரி ஆளுங்களுக்கு ரிட்டர்ன் வசதிக்காக 300, 400 ரூபாய் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை.

அடுத்தது "நோ காஸ்ட் இ.எம்.ஐ." 15,000 ரூபாய் பெட்டி, 6 மாசம், பேங்க் வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம்னு எடுத்துக்குவோம். வட்டிக்குச் சமமான சுமார் 635 ரூபாயை விலையில தள்ளுபடியா கழிச்சுடுவாங்க. ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. சுமார் 114 ரூபாய் உங்க தலையிலதான். ப்ராசஸிங் கட்டணம் 199 ரூபாய்னா, ஜி.எஸ்.டி. சேர்த்து 235. ஆகமொத்தம் "நோ காஸ்ட்"டோட காஸ்ட் சுமார் 350 ரூபாய். அதோட, ரொக்கமா கொடுத்தா வேற கேஷ் டிஸ்கவுண்ட் கிடைக்குமான்னும் பாருங்க. வருமானம் வர ஆரம்பிக்காத ஒரு வேலைக்குக் கடன்ல பொருள் வாங்குறதை நான் சிபாரிசு பண்ண மாட்டேன். மாசம் 4,000 வீதம் மூணு, நாலு மாசம் தனியா எடுத்து வைங்க. அவ்வளவு நாள் கழிச்சும் ஆசை அப்படியே இருந்தா, அது உண்மையான தேவைதான்.

பட்ஜெட் போடும்போது பெட்டியோட விலையை மட்டும் எழுதாதீங்க. மைக், எக்ஸ்.எல்.ஆர். கேபிள், ஸ்டாண்ட், ஹெட்போன் நாலையும் சேர்த்து எழுதுங்க. மொத்தத்துல பாதிக்கு மேல பெட்டிக்கே போகுதுன்னா, ஒரு படி கீழே இருக்கிற மாடலைப் பாருங்க.

பெட்டி வந்த அன்னைக்கே செய்ய வேண்டிய சோதனை

ரிட்டர்ன் கடிகாரம் டெலிவரி ஆன நாள்லயிருந்து ஓடும். வார இறுதிக்குன்னு தள்ளிப் போடாதீங்க.

1. பெட்டியைப் பிரிக்கிறதை மொபைல்ல வீடியோ எடுங்க. பில்லைப் பத்திரப்படுத்துங்க.
2. இணைப்பு மையம் எதுவும் இல்லாம, லேப்டாப்லயே நேரா செருகுங்க. செட்டிங்ஸ்ல சவுண்ட் பகுதிக்குப் போய், இன்புட், அவுட்புட் ரெண்டுலயும் பேர் வருதான்னு பாருங்க. புது ஸ்கார்லெட் ஒரு பென் டிரைவ் மாதிரி தெரிஞ்சா பயப்பட வேண்டாம். அதை எப்படி நிறுத்துறதுன்னு மேலே சொன்ன ஸ்கார்லெட் புரோகிராமே காட்டும்.
3. கண்டென்சர் மைக்னா 48 வோல்ட் பட்டனைப் போட்டுட்டுப் பேசுங்க.
4. ஆடாசிட்டியில தொடர்ந்து 10 நிமிஷம் பதிவு பண்ணி, ஹெட்போன்ல முழுசா கேளுங்க. "டிக் டிக்"னு வெடிப்புச் சத்தம் வந்தா, பஃபரைக் கூட்டிப் பாருங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல 256 சாம்பிள் பஃபர்னா சுமார் 5 மில்லிசெகண்ட் தாமதம்தான். பேச்சுக்கு அது தெரியவே தெரியாது.
5. ஒவ்வொரு திருகியையும் பட்டனையும் ஒரு தடவை இயக்கிப் பாருங்க. டைரக்ட் மானிட்டர் போட்டா, உங்க குரல் தாமதமே இல்லாம காதுல கேட்கணும்.
6. லேப்டாப்பை மூடி, அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறங்க. பெட்டி திரும்ப வேலை செய்யுதா?

இதுல ரெண்டு, மூணு, அஞ்சுல தோல்வின்னா, மறுநாளே ரிட்டர்ன் போடுங்க. நாலும் ஆறும் மட்டும்னா, வேற யு.எஸ்.பி. போர்ட்லயும் வேற கேபிள்லயும் ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு முடிவெடுங்க.

இன்னைக்கு உங்க வேலை

ஒரு தாள் எடுங்க. மாசத்துக்கு எத்தனை பதிவு, ஒரே நேரத்துல எத்தனை மைக், மொத்த பட்ஜெட் எவ்வளவு, இந்த மூணையும் எழுதுங்க. அப்புறம் உங்களுக்குப் பிடிச்ச மாடலுக்குப் பக்கத்துல ரெண்டு டிக் போட முடியுதான்னு பாருங்க: டிரைவர் இல்லாம ஓடுமா? பணம் திரும்பக் கிடைக்குமா? ரெண்டுக்கும் டிக் விழுந்தா தைரியமா வாங்குங்க. ஒண்ணு விழலைன்னாலும் அடுத்த மாடலுக்குப் போங்க. கடையில பெட்டிக்குப் பஞ்சமே இல்லை. உங்க சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது.