கடலுக்கு அடியில் கண்ணாடி இழை

போர்ட் பிளேருக்கு இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து சென்னைக்குப் போன் பேசுகிறோம். நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கடல். குரல் எப்படிப் போகிறது?

முன்பு வானத்துக்குப் போய் வந்தது. செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேச்சு அங்கே ஏறி இறங்க வேண்டும். "ஹலோ" என்றால் பதில் தாமதமாக வரும். பாதிப் பேச்சு "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடும்.

2020 ஆகஸ்ட் 10 அன்று கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். ஹேவ்லாக், ரங்கத், கார் நிக்கோபார், கமோர்ட்டா ஆகிய இடங்களுக்கும் அது போகிறது.

கேபிளுக்குள் தலைமுடி போல மெல்லிய கண்ணாடி இழைகள் உள்ளன. நம் குரல் வெளிச்சமாக மாறி அதில் ஓடுகிறது. விளக்கைப் போட்டுப் போட்டு அணைப்பது போல, ஒரு நொடிக்குள் கோடிக்கணக்கான மினுக்கல்கள்!

கேபிள் வளைந்து கிடக்கிறதே, வெளிச்சம் வெளியே போகாதா? கடலில் முங்கிச் சாய்வாக மேலே பாருங்கள். நீரின் மேல்மட்டம் முகம் பார்க்கும் கண்ணாடி போலத் தெரியும். உள்ளிருந்து சாய்வாக வரும் வெளிச்சம் வெளியேறாமல் திரும்புகிறது. இழையிலும் அப்படித்தான். நடுவில் ஒரு கண்ணாடி, சுற்றிலும் வேறு வகைக் கண்ணாடி. வெளிச்சம் ஓரத்தில் பட்டுப் பட்டு உள்ளேயே ஓடும்.

தூரம் போனால் வெளிச்சம் மங்கும். அதைக் கூட்டும் கருவிகள் இடையிடையே உண்டு. கரையிலிருந்து அவற்றுக்கு மின்சாரம் போகிறது.

உலகில் கடல் கேபிள்கள் அறுபடுவது பெரும்பாலும் நங்கூரத்தாலும் மீன்வலையாலும்தான். படகுக்காரர்கள் கேபிள் கிடக்கும் இடத்தில் நங்கூரம் போடக் கூடாது. அறுந்தால் கப்பல் வர வேண்டும். இரண்டு முனைகளையும் மேலே தூக்கி, இழைகளைச் சூட்டில் உருக்கி ஒட்ட வேண்டும்.