தரையும் கிருமிநாசினியும்

மருத்துவசாலைத் தரைக்கு உகந்த கிருமிநாசினி யாது? 1881-இல் ஜெர்மானியராகிய கோக்கு என்பார், பட்டு நூலில் உலர்ந்த ஆந்த்ராக்ஸ் வித்துக்களைப் பல மருந்துகளிலிட்டு ஒப்புநோக்கினர். அந்நாளிற் பெரிதும் நம்பப்பட்ட கார்பாலிக் அமிலம் எண்ணெயிற் கரைந்தவிடத்து அவற்றை யாதும் செய்திலது. மதுசாரமும் வித்துக்களைக் கொல்லாது. விரைந்து உலர்ந்தும் போகும்.

1954 வரை புதுவையை ஆண்ட பிரெஞ்சியர், பாரிஸை அடுத்த ழாவெலில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சலவைக்கெனக் கண்ட ழாவெல் நீரோ, தக்க செறிவில் வித்துக்களையும் அழிக்கும். ஆயினும் இரத்தமும் சளியும் கிடப்பின் அதன் வலி அவற்றிலேயே செலவாகும், உலோகத்தையும் அரிக்கும். பினாயில் அழுக்கிடையே அவ்வளவு தளராது. எனினும் நம்மவர் அதனை நம்புவது பெரும்பாலும் வாசனையாலேயே! ஆதலின் முதலிற் சோப்பு நீரால் அழுக்கை நீக்குக. பின்னர் ழாவெல் நீராற் துடைத்து 10 நிமிடம் ஈரமாகவே விடுக. கழிவறை கழுவும் அமிலத்தை அதனோடு கலத்தலாகாது. உயிர்க்கு இடர் செய்யும் குளோரின் வாயு எழும்.